அஃப்ஷாவின் சிவப்பு அம்புகள்

ஆம்பூரில் எல்லார் வாயிலும் அந்த ஒரு சொல் உண்டு: கரெக்ட். பிரியாணியில் உப்பு கரெக்ட். செருப்பு காலுக்கு கரெக்ட். டீச்சர் நோட்டு கரெக்ட் செய்வார். பஸ்கூட கரெக்டாக வந்துவிடும் என்பார்கள். அது மட்டும் வராது.

அஃப்ஷாவின் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் கோணியிருந்தால், அங்கே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். மிச்சமான ஸ்டிக்கர்கள் அஃப்ஷாவிடம் வந்தன. அவ்வளவுதான்! மளிகைக் கடைப் பலகையின் எழுத்துப் பிழைக்கு ஓர் அம்பு. அப்பா மாற்றிப் போட்ட பொத்தானுக்கு ஓர் அம்பு.

வகுப்புச் சுவரில் மாட்ட, அவள் தோழி சங்கீதா ஓர் ஓவியம் கொண்டுவந்தாள். அதில் பாலாறு கரை தொட்டு ஓடியது. ஷூக்கள் படகுகளாக மிதந்தன. ஒரு ஷூவில் பூனை தூங்கியது.

"பாலாத்துல ஏது இவ்ளோ தண்ணி? ரொம்ப ஜாஸ்தி. கரெக்டா வரைய வேணாமா?" என்ற அஃப்ஷா, ஆற்றின் நடுவே ஓர் அம்பை ஒட்டினாள்.

சங்கீதாவின் கண் கலங்கியது. ஓவியத்தைச் சுருட்டிக்கொண்டாள். "நான் இத மாட்டல. எங்கூட பேசாத."

மாலையில் அஃப்ஷா தனியாகப் பாலாற்றுப் பாலத்தில் நடந்தாள். கீழே மணலும் முட்புதரும். அவள் கண்ணை மூடினாள். நீலத் தண்ணீர் மெல்ல வந்தது. ஒரு ஷூப் படகு ஆடி ஆடி அருகே வந்தது. பூனை நகர்ந்து இடம் விட்டது. எவ்வளவு அழகு! சங்கீதாவை அழவைத்தது நெஞ்சில் உறுத்தியது.

கண்ணைத் திறந்தாள். மறுபடி மணல்.

"அம்பு ஒட்ட வேண்டியது உனக்குத்தான்!" என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். பாலத்தின் கைப்பிடியில், கீழ்நோக்கி ஓர் அம்பை ஒட்டிவிட்டு, சங்கீதா வீட்டுக்கு ஓடினாள்.

"தப்பு என்னோடதுதான், சங்கீதா. அம்ப எடுத்துடறேன்."

சங்கீதா ஓவியத்தை விரிக்க, அஃப்ஷா அம்பை மெதுவாகத்தான் உரித்தாள். ஆனாலும் வண்ணம் கூடவே வந்துவிட்டது. நீல ஆற்றில் வெள்ளையாக ஓர் அம்பு.

சங்கீதா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு பென்சிலால் அம்பின் முனையில் ஒரு கண் வைத்தாள். அது மீனாகிவிட்டது.

"இப்ப கரெக்டா?" என்றாள்.

"மீன் கரெக்ட். தண்ணிதான் கம்மி," என்று நீல வண்ணத்தை அவளிடம் நகர்த்தினாள் அஃப்ஷா. "இன்னும் கொஞ்சம் ஊத்து!"