கூலிக்கு ஒரு மறுப்பு

மார்ச் 11, 2084. இன்று ஒரு சிறு தவறு. கூட்டத்தில் தலையாட்டிவிட்டேன்.

எழுதி முடித்ததும், ‘சிறு’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பூங்கோதை யோசித்தாள். தலையாட்டாமல் இருப்பதுதான் அவள் தொழில். அவள் பதிவு பெற்ற மறுப்பர். மக்களாட்சியை வளர்க்கும் சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் குடிமை நிதியம் ஆண்டுதோறும் சிறுகொடை தருகிறது. நிபந்தனை ஒன்றுதான்: எதிர்ப்பே இல்லாமல் எடுத்த முடிவு செல்லாது. பயந்துபோய் எல்லோரும் கைதூக்கிய காலம் ஒன்று இருந்ததாம். அதற்குப் பிறகு வந்த விதி. விதி வந்ததும் மறுப்பவர்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. அமைப்புகள் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டன.

மறுப்பு மனதிலிருந்து வருகிறதா என்பதைக் கூரையில் இருக்கும் ஒப்புமானி முகத்தையும் குரலையும் வைத்து அளக்கும். இன்று தீர்மானத்தை வாசித்தபோது அவள் நினைப்பெல்லாம் மாலை வகுப்பின் வீட்டுப்பாடத்தில் இருந்தது. தலை தானாக ஆடியது. ஒப்புமானி அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டது. தீர்மானம் செல்லாமல் போனது.

மறுநாள் காலை கழிமுகக் குடியிருப்போர் மன்றத்தின் செயலாளர் தயாளன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, உன்ன எதுக்கு வச்சிருக்கோம்? ஆமாம் போட இங்க ஊரே இருக்கே!”

“சாரிண்ணா. வேற நினைப்புல இருந்துட்டேன்.”

“சாயந்திரம் மறுபடி கூட்டம். நல்லா ரெண்டு சண்ட போட்டுட்டுப் போ.”

அப்புறம்தான் அவள் தீர்மானத்தை முழுதாகப் படித்தாள். சிறுகொடைப் பணத்தில் மன்றத்தின் மாடி அறையை, மக்கள் கருத்தைப் பதிவு செய்யும் அரங்கமாக மாற்றப் போகிறார்கள். அங்கே நடக்கும் மாலை வகுப்பு மூடப்படும்.

அது அவள் வகுப்பு. வீட்டு வேலை செய்பவர்களும் துறைமுகக் கூலிகளும் அவளோடு உட்கார்ந்து சட்டம் படிக்கிறார்கள். படிப்பைவிடச் சண்டைதான் அதிகம். கிரேன் ஓட்டும் சபீனா அக்கா ஒவ்வொரு பிரிவுக்கும், “யாரக் கேட்டு இத எழுதினாங்க?” என்பாள். அதற்கு அவளுக்கு யாரும் கூலி தருவதில்லை.

பகல் முழுக்கப் பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் தலையாட்டினால் போதும், தீர்மானம் விழுந்துவிடும். ஆனால் வகுப்பை மூட அவளும் சம்மதித்ததாகப் பதிவாகும். வேலையும் போகும். உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்க மாட்டார்களா? கேட்பார்கள் என்றுதான் தோன்றியது. தோன்றுவதை நம்பலாமா என்று இன்னொரு முறை யோசித்துவிட்டுத்தான் போனாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள். தயாரித்து வைத்திருந்த குறிப்பை எடுக்கவில்லை.

“அந்த ரூம எடுக்காதீங்க. நாங்க பேசக் கத்துக்கிற ஒரே எடம் அதுதான். வேலைக்காகச் சொல்லல. நிஜமாவே சொல்றேன்.” குரல் உடைந்தது.

கூடம் முழுக்கக் கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். ஒப்புமானியின் பச்சை விளக்கு அவள் பார்த்திராத பிரகாசத்தில் எரிந்தது. எல்லோரும் கைதூக்கினார்கள். மறுப்பருக்கு வாக்கு கிடையாது. தீர்மானம் நிறைவேறியது.

“பின்னிட்டம்மா!” என்றார் தயாளன். “எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

“நடிக்கலண்ணா.”

“அதத்தான் சொல்றேன், நடிப்பு மாதிரியே தெரியல.”

மாடிப்படியில் சபீனா உட்கார்ந்திருந்தாள். “என்னடி, ரூம தூக்கிட்டாங்களாமே?”

“நான் வேணாம்னு சொன்னேங்க்கா. அதனாலதான் செல்லுபடியாச்சு.”

சபீனா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “அந்தத் தீர்மானத்த அடுத்த மாசம் மறுபடி ஓட்டுக்கு எடுக்கச் சொல்ல முடியுமா?”

“உறுப்பினருங்க கேட்டா எடுக்கணும்.”

“நாங்க உறுப்பினரா சேரலாமா? ஓட்டு உண்டா?”

“சேரலாம். உண்டு.”

“இத்தன நாளா அங்க உக்காந்திருந்தியே, இத ஏண்டி சொல்லல?”

பூங்கோதை வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தாள்.

மார்ச் 12. இன்று தவறு எதுவும் செய்யவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

நாளை: மறுப்பர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோருக்குமாக உறுப்பினர் விண்ணப்பம் வாங்கி வர வேண்டும். எனக்கும் ஒன்று.