லோரியின் மீதிப் பாதி

பாக்கியநாதன் அன்று சாயங்காலம் கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "மார்த்தா, தண்ணி கொண்டா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அடுப்படியில் நின்ற மார்த்தாவின் கையிலிருந்து கரண்டி நழுவிக் குழம்புக்குள் போய்விட்டது.

பினாங்கு ஜெலுத்தோங்கில் அந்த வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பாக்கியநாதன் நாக்குக்கு அந்த 'ர்' வராது. கல்யாணத்தன்று ஃபாதர் முன்னால் நின்று "மாத்தாவாகிய உன்னை" என்று அவர் ஆரம்பித்ததும், மாப்பிள்ளை இப்போதே பொண்ணை மாத்தப் பார்க்கிறார் என்று பின்பெஞ்சில் சிரித்தவர்கள் இன்னும் அந்தச் சிரிப்பை நிறுத்தவில்லை. மார்த்தாவும் முதலில் கோபப்பட்டு, பிறகு பழகி, கடைசியில் வேறு யாராவது பெயரை முழுசாகச் சொன்னால் ஏதோ ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்களோ என்று பதறுகிற அளவுக்கு அந்த 'மாத்தா'வோடு ஒட்டிப்போய்விட்டாள்.

அந்த வாயிலிருந்து 'ர்' வந்தது. கத்தி தீட்டுகிற மாதிரி, சுத்தமாக.

அவர் கையெல்லாம் கிரீஸ். அன்றைக்குத்தான் லோரிக்கு ஸ்டீரிங்கையும் டிரைவர் சீட்டையும் மாற்றி முடித்திருந்தார்.

அந்தக் கிழட்டு லோரியைத் தெரியாதவர்கள் பினாங்கில் குறைவு. சூலியா தெருவில் மீரா சாகிப் கடையிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கு இறக்குவதுதான் அதன் பிழைப்பு. பாக்கியநாதன் ஓட்டுவார், பக்கத்து சீட்டில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மார்த்தா. புருஷன் மேல் நம்பிக்கை இல்லாமல் கூடவே திரிகிறாள் என்று பேசியவர்களும் உண்டு, பேசட்டுமே. அத்தனை வருஷத்தில் இரண்டு சீட்டிலும் இரண்டு குழி விழுந்திருந்தது: அவருடையது இடப்பக்கம் சாய்ந்த குழி, அவளுடையது அகலமான குழி. வெங்காயமும் தைலமும் அவருடைய இருமலும் ஊறிப்போன சீட்டுகள். வாங்கிய புதிதில் ஃபாதர் வந்து கதவு, ஸ்டீரிங், சீட்டு என்று ஒன்றுவிடாமல் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் கொடுத்திருந்தார்.

கதவு துருப்பிடித்து, தரை ஓட்டையாகி, அடுத்த தடவை இப்படியே கொண்டுவராதே என்று வண்டிச் சோதனையில் துரத்திவிட்ட பிறகுதான் புக்கிட் தெங்காவுக்குப் போனார்கள். இப்ராஹிமின் ஹாஃப் கட் கடை அங்கேதான். பழைய வண்டியை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் சாமான்களோடு விற்கிற கடை. அவர்கள் லோரிக்குப் பொருந்துகிற ஒரு முன்பாதி அங்கே தரையில் மூக்கை ஊன்றி நின்றது. சீட்டுக்குப் பின்னால் ரொட்டியை வெட்டிய மாதிரி நேராக அறுத்திருந்தார்கள்.

டிரைவர் பக்க பெல்ட் கத்தியால் வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்து சீட்டில் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"பெல்ட்டை ஏன் தம்பி வெட்டியிருக்காங்க?" என்று மார்த்தா கேட்டாள்.

"அவுக்க வரலேன்னா வெட்டத்தானே செய்வாங்க அக்கா."

"இது பூட்டியே இருக்கே?"

இப்ராஹிம் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான். "இந்த யாவாரத்துல மீதிப் பாதி எங்கேன்னு மட்டும் கேக்கக் கூடாது லா. அண்ணே, எல்லாத்தையும் இதுலேர்ந்தே எடுத்துக்குங்க. ஒரே உடம்பு. ஒண்ணை மாத்தினா மத்ததும் தானா வந்து உக்காந்துக்கும்."

தானாகத்தான் வந்து உட்கார்ந்தது.

முதலில் கதவுகள். வாசலிலேயே வைத்து ஸ்பானரும் கையுமாகப் பாக்கியநாதன் மாற்றினார். அதற்குப் பிறகு லோரியிலிருந்து இறங்கும்போது எப்போதும் போலக் கதவை ஓங்கி அடிக்காமல், சத்தமே வராமல் சாத்தினார். "அண்ணன் திருந்திட்டாரு போல" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி. அடுத்து பக்கக் கண்ணாடிகள். மார்த்தா துணி காயப்போடும்போது அந்தக் கண்ணாடியில் அவர் முகம் தெரியும், அவளையே பார்த்தபடி. திரும்பிப் பார்த்தால் அவர் லோரிக்கு அடியில் படுத்திருப்பார், கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. பிறகு டேஷ்போர்டு, கதவு ரப்பர், முன் பம்பர். தேத்தண்ணிக்குப் பால்மாவு வேண்டாம் என்றார். குழம்பை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். டிரைவர் சீட்டைப் பொருத்திய அன்று 'ர்' வந்தது. அன்றோடு இருமல் நின்றது.

"மருந்து மாத்திட்டாரா அக்கா? ஆளு பத்து வயசு குறைஞ்சுட்டாரே! எங்க வீட்டு ஆளையும் அந்தக் கடைக்கு அனுப்பவா?" என்று ஜெயலெட்சுமி வேலிக்கு மேலே கழுத்தை நீட்டினாள்.

மார்த்தா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்து அந்த இருமலைத் திட்டியவள், இப்போது அது இல்லாமல் தூக்கம் வராமல் கிடந்தாள். பக்கத்தில் படுத்திருந்தவர் சாயவில்லை, புரளவில்லை, மரப்பொம்மையைப் படுக்கப்போட்டது போல நேராகக் கிடந்தார். கண் திறந்திருந்தது.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் அலமாரியில் இருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மார்த்தா லோரியில் ஏறி, புதிய ஸ்டீரிங்கில், புதிய சீட்டில், முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் தெளித்தாள். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் அணைந்திருந்தது. வெயில் காய்ந்தது. வைப்பர் மெதுவாக எழுந்து, வெளிக்கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டு, தன் இடத்தில் போய்ப் படுத்தது.

யாரோ முகத்தைத் துடைத்துக்கொண்ட மாதிரி.

அவள் இறங்கி ஓடினாள். செருப்பு உள்ளேயே கிடந்தது.

கழற்றிய பழைய சாமான்களெல்லாம் வீட்டுப் பின்பக்கம் கித்தானால் மூடிக் கிடந்தன. மழை பிடித்த ஒரு மத்தியானம் மார்த்தா துணி எடுக்கப் போனபோது, கித்தானுக்கு அடியிலிருந்து இருமல் கேட்டது. நெஞ்சைச் சுரண்டி எடுக்கிற இருமல். கித்தான் ஓரம் உள்ளிழுத்து, வெளியே உப்பி, மறுபடி உள்ளிழுத்தது. தைல வாசனை. ஈர வெங்காய வாசனை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"மாத்தா... த..."

பெயரைச் சொன்னதா, மாற்றாதே என்று சொன்னதா? நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எந்தப் பொம்பளைதான் நிற்பாள்? மார்த்தா பின்கதவைத் தாழ்போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து, ஜெபமாலையைத் தேடினாள். அவள் புத்திக்கு எட்டியது இதுதான்: பிசாசு அந்தக் குப்பையில் இருக்கிறது. அதுதான் புருஷனைப் பிடித்து ஆட்டுகிறது. அதைத் தொலைத்தால் அவர் பழையபடி ஆகிவிடுவார். இருமுவார், கதவை அடிப்பார், மாத்தா என்பார். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

"ஏங்க, அந்தப் பழசையெல்லாம் போட்டுடலாமா?"

மேசையில் நேராக உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பாக்கியநாதன் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இந்தக் கண் மூடவில்லை.

"போட்டுடு, மார்த்தா. நீயே குடுக்கணும். நான் குடுத்தா சரியா வராது."

மறுநாள் காலை பழைய இரும்பு வாங்குகிற சீனக் கிழவரின் லோரி ஊர்ந்து வந்தது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கி, பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று பதிவு செய்த மலாய்க் குரலில் திரும்பத் திரும்ப இழுத்தது. மார்த்தா வாசலில் நின்று கையைக் காட்டினாள்.

கிழவரும் அவரும் பின்பக்கம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார்கள். கதவுகள். கண்ணாடிகள். ஸ்டீரிங். டிரைவர் சீட்டைத் தூக்கும்போது கிழவர் முனகினார்.

"பெராட் லா, அம்மா! ஆள் உக்காந்திருக்கற கனம் கனக்குது!"

கடைசியாக இன்னொரு சீட்டு வந்தது. அகலமான குழி விழுந்த சீட்டு.

"அது என் சீட்டுங்க. அதை எப்ப கழட்டினீங்க?"

"விடியக்காலையில. நீ தூங்கினே." அவர் கையைத் துடைத்தார். "புதுசு போட்டாச்சு."

கிழவர் இரண்டு சீட்டையும் லோரியின் மேல்தட்டில் பக்கம் பக்கமாக, வீட்டைப் பார்த்தபடி வைத்துக் கயிற்றால் கட்டினார். வண்டி நகர்ந்தது. சாலை மேட்டில் ஏறி இறங்கியது. டிரைவர் சீட்டின் குழி இன்னும் கொஞ்சம் அமுங்கியது, இடப்பக்கமாகச் சாய்ந்து. யாரோ விழாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி கயிறு விறைத்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மலாய்க் குரல் அறுந்தது.

இருமல்.

ஜெலுத்தோங் சாலை முழுக்கக் கேட்கிற இருமல். பிறகு,

"மாத்தா! மாத்தா!"

அவருடைய குரல். அந்த 'ர்' இல்லாத குரல். மார்த்தாவுக்கு எல்லாம் விளங்கியது. பிசாசை அல்ல. புருஷனை ஏற்றி அனுப்பியிருக்கிறாள். கழற்றின ஒவ்வொரு சாமானோடும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கழன்றிருக்கிறார். மிச்சமில்லாமல் அள்ளி, நசுக்குகிற ஆலைக்குத் தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள்.

ஓட நினைத்தாள். கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, யாரோ கழற்றி வைத்தது போல.

வேலிக்கு மேல் ஜெயலெட்சுமியின் தலை தெரிந்தது. "என்னக்கா, ஸ்பீக்கர்ல அண்ணன் குரல் மாதிரி..."

மார்த்தாவுக்குப் பின்னால், வாசலில் நின்ற லோரியின் பக்கத்து சீட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. புதிய சீட்டில் பெல்ட் பூட்டியபடி இருந்தது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் பெல்ட் தொய்யவில்லை. எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

"அவளும் வந்தாச்சு" என்றார் அவர்.

நில்லுங்க என்று கத்த மார்த்தா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சாலை முனையில் பழைய இரும்பு லோரி திரும்பியது. மேல்தட்டில் இரண்டாவது சீட்டின் அகலமான குழி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக அமுங்கியது. ஒலிபெருக்கியிலிருந்து அவளுடைய குரல், மூச்சு வாங்க, அவருக்குப் பதில் சொன்னது.

"வந்துட்டேங்க."