காயாத சுண்ணாம்பு

ஜெயில் கேட்டுக்குள் கால் வைத்ததுமே சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. கெஸியா அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வாடை அவளுக்குப் புதிதல்ல. கோர்ட் நியமித்த சிறைப் பார்வையாளர் குழுவில் சேர்ந்ததிலிருந்து இந்தக் கிளைச்சிறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். வரும் தேதியை முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுவது வழக்கம். பிறகு கேட்க வேண்டுமா? சுவரெல்லாம் வெள்ளையடித்து, பினாயில் ஊற்றிக் கழுவி, ஆளுக்கொரு புதுக் கம்பளி கொடுத்து, கல்யாண வீடு மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். அவள் கார் வளைவைத் தாண்டியதும் கம்பளிகள் மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். இந்தக் கூத்தெல்லாம் தெரிந்துதான் இன்றைக்கு யாரிடமும் மூச்சு விடாமல், குன்னூர் கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள்.

அப்படியிருக்க, இவர்கள் யாருக்காக வெள்ளையடித்தார்கள்?

வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் மூக்கம்மா குடை பிடித்து நின்றிருந்தாள். எமரால்டு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவள் மகன் வசந்த்குமாரை, ஃபேக்டரியில் ஒயர் திருடினான் என்று பிடித்து இங்கே அடைத்திருந்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து, மனு போட்டுப் பார்க்க வந்தால் ஆள் இல்லை, கீழே பெரிய ஜெயிலுக்கு அனுப்பியாயிற்று என்கிறார்கள். கீழே போய் விசாரித்தால் அப்படி ஒருத்தன் வரவேயில்லை என்கிறார்கள். மலையிறங்கும் வழியில் ஒரு மனுஷன் ஆவியாகியா போவான்?

"நீங்க கண்ணுல பாத்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, போதும்" என்று காலையிலேயே போனில் அழுதிருந்தாள். "வலது கையில மோதிர விரல் பாதிதானுங்க இருக்கும். ரோலர் மிஷின்ல போயிருச்சு. ஆளு எளச்சிருந்தாலும் அத வெச்சுக் கண்டுபுடிச்சரலாமுங்க."

உள்ளே ஜெயிலர் கருணாகரன் பாதி குடித்த டீயோடு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சிரிப்பை வரவழைத்துக்கொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஏனுங்க மேடம், ஒரு போன் பண்ணியிருந்தா ரெடி பண்ணி வெச்சிருப்பனே."

"ரெடி பண்ணாமப் பாக்கத்தான் வந்தேன், சார். வசந்த்குமார் எங்கே?"

"கீழ அனுப்பியாச்சுங்களே. கையெழுத்தெல்லாம் இருக்குது, பாத்துக்குங்க."

"பேப்பர் வேண்டாம். எல்லா செல்லையும் திறங்க."

நடையில் பகலிலேயே விளக்கு எரிந்தது. ஆடி மாத மஞ்சு மூட்டம் கம்பிகளுக்குள் புகுந்து தரையோடு ஊர்ந்தது. ஈரக் கம்பளியும் மூத்திரமும் பழைய பருப்புக் குழம்பும் கலந்த வாடை அதன் அடியில் கிடந்தது. எங்கோ கூரை இடுக்கிலிருந்து தகர வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, சரிவுக்கு மேலேயிருந்த தேயிலை ஃபேக்டரியின் உறுமல் சுவர்கள் வழியாக இறங்கி அவள் செருப்படியில் அதிர்ந்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் பாசி படர்ந்து காரை பெயர்ந்திருந்தது. வெள்ளையடித்த சுவடே இல்லை. ஆனால் உள்ளே போகப் போகச் சுண்ணாம்பு வாடை ஏறிக்கொண்டே வந்தது.

சாவிக்கொத்தோடு முன்னால் நடந்த வார்டர் ஆறுச்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி மனுஷன், வழக்கமாக மழையைத் திட்டிக்கொண்டே வருவார். இன்று அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் வெள்ளை. தோல் வெந்து கொப்புளித்திருந்தது.

பெரிய கொட்டடியில் கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த கம்பளிகள். பார்வை தரையில்.

"யாருக்காவது ஏதாவது குறை இருக்குதா?" வழக்கமான கேள்விதான். ஜெயிலரை அருகில் வைத்துக்கொண்டு கேட்பதில் அர்த்தமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"குறை ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார்கள் எல்லோரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அந்தச் சத்தம் அடங்கியது. வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"குறை ஒண்ணுமில்லீங்க மேடம்."

ஒற்றைக் குரல். கொட்டடியிலிருந்து அல்ல, நடையின் கோடியிலிருந்து வந்தது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவதைப் போல, கெட்டியாக.

கைதிகள் யாரும் திரும்பவில்லை. ஒருத்தன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

"யாரு அது?"

"எதுங்க மேடம்?" என்றார் கருணாகரன். அவர் பாசாங்கு செய்வதாகத் தெரியவில்லை. ஆறுச்சாமியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"கடைசி செல்லைத் திறங்க."

"அது சும்மா ஸ்டோர் ரூமுங்க. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்குது. ஈரம் காயல, மேல ஒட்டிக்கும்."

"எப்ப அடிச்சீங்க?"

ஆறுச்சாமிதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மழை ஆரம்பிச்சப்பங்க. காயவே மாட்டேங்குதுங்க. அடிக்க அடிக்கக் காயல."

"ஆறுச்சாமி!" என்று ஜெயிலர் அதட்டினார்.

"பூசி மெழுகுனது போதும், சார். திறங்க!" கெஸியாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. வசந்த்குமார் உள்ளே இருக்க வேண்டும், அடிபட்டுக் குற்றுயிராகவாவது இருக்க வேண்டும் கர்த்தரே என்று மனம் அடித்துக்கொண்டது.

சாவி திரும்பியபோது கரண்ட் போனது. மேலே ஃபேக்டரியின் உறுமலும் நின்றது. அதுவரை அந்தச் சத்தம் எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

கதவு திறந்தது. மேலே கையகலச் சன்னல். அதன் வழியாக மஞ்சின் மங்கிய வெளிச்சம்.

ஆளில்லை. கட்டிலில்லை. மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. நான்கு சுவரும் வெள்ளை. கூரையும் வெள்ளை. தரையும் வெள்ளை.

தரைக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா?

அவள் உள்ளே போனாள். மற்ற இருவரும் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். கண் எரிந்தது. தொண்டை கமறியது. எதிர்ச் சுவரைத் தொட்டாள். விரல் பதிந்தது. அந்தக் குளிரிலும் சுவர் கொதித்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மூச்சு நின்றது. அவளுடையதல்ல.

என்ன கேட்பதென்று தெரியவில்லை. வாய் பழக்கத்தில் கேட்டது.

"வசந்த்குமார்... ஏதாவது குறை இருக்குதா?"

பின்னால் ஈரச் சத்தம். ஏதோ சுவரிலிருந்து பிரிகிற சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி.

தோளில் ஒரு கை விழுந்தது.

சூடு. கனம். காதருகே சுண்ணாம்பு வாடை.

"குறை ஒண்ணுமில்லீங்க மேடம்."

அவள் கத்தினாளா என்பது நினைவில்லை. திரும்பினாள். வெள்ளைச் சுவர். வாசலுக்கு வெளியே இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். எப்படி நடைக்கு வந்தாள், எப்படி ஆபீஸைத் தாண்டினாள் என்பதும் தெரியாது. கருணாகரனின் குரல் மட்டும் பின்னாலேயே வந்தது. "நான்தான் அப்பவே சொன்னனே மேடம். சுவத்துல சாஞ்சுட்டீங்க போல, கோட்டெல்லாம் ஆயிருச்சு பாருங்க."

இதை யாரிடம் போய்ச் சொல்வது? காலி அறை, வெள்ளைச் சுவர் என்றுதான் எழுத முடியும். வெள்ளையடிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

கேட்டுக்கு வெளியே மூக்கம்மா ஓடி வந்தாள். கெஸியா அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கார் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஐயோ, அம்மா!" என்று மூக்கம்மா பின்னால் கூவினாள். ஆனால் அது அழுகையல்ல. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எம்பையன் கைங்க! உங்க கோட்டுல பாருங்க, மோதிர விரல் பாதிதான் விழுந்திருக்குது. உள்ள வெள்ளையடிக்கிற வேல குடுத்திருக்காங்களாட்டம் இருக்குது. பாவிப்பய, கையக்கூடக் கழுவாம மேடத்தத் தொட்டிருக்கான். பேசுனானுங்களா?"

கெஸியாவால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை.

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

"குறை ஒண்ணுமில்லைன்னான்."

"மாரியாத்தா!" மூக்கம்மா கைகூப்பி மஞ்சைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணீர் தாடை வரை வழிந்தது. "அது போதுமுங்க. நான் இங்கயே இருந்து அவனப் பாத்துட்டுத்தான் போவேன். என்னிக்கிருந்தாலும் விட்டுத்தானுங்களே ஆகணும்?"

அப்புறம் அவள் தன் உள்ளங்கையை அந்தத் தடத்தின் மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருத்தி, தூங்கும் குழந்தையைத் தட்டுவது போல மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். தோளின் மேல் இரண்டு கைகளின் கனம் கெஸியாவுக்குத் தெரிந்தது.

மூக்கம்மா தன் கையை எடுத்துக்கொண்டாள். அடியிலிருந்த கை விலகவில்லை.