சக்கரத்தடியில் ஒரு கல்

தொலைபேசி அலறியது.

"ஐயா, தலைச்சோலை மறியல்ல எஸ்டேட் ஜீப்பு எரியுதுங்க..."

ஆய்வாளர் அங்கப்பன் விரைந்தார்.

ஆஸ்பத்திரிக்குச் செல்லும் குறுக்குப் பாதையை எஸ்டேட் நிர்வாகம் கேட் போட்டு அடைத்திருந்தது. அதனைத் திறக்கக் கோரி ஊரார் மூன்று நாட்களாகச் சாலையில் அமர்ந்திருந்தனர். இன்று காலையோ, மறியல் இடத்திலிருந்து தெரியாதபடி, வளைவுக்கு அப்பால், ஏற்றத்தில் எஸ்டேட் ஜீப் கரிக்கூடாக நின்றது.

அதைப் பார்த்துவிட்டு மறியல் இடத்துக்கு வந்த அங்கப்பனிடம் ஜீப் டிரைவர் ஜெப்சன் முறையிட்டான்.

"கூட்டமா மறிச்சாங்க... கீழ இழுக்கப் பாத்தாங்க. உசுரு தப்புனாப் போதும்னு குதிச்சு ஓடிட்டேனுங்க."

"ஆரு?"

"ஜாபெஸ்தான் முன்னால நின்னானுங்க."

மறியலுக்குத் தலைமை தாங்கிய ஜெயகுமாரி ஜாபெஸின் பக்கம் திரும்பினாள். வழக்குப் பதிவானால் மறியல் கலையும். பாதை என்றென்றைக்கும் அடைபடும்.

"தீ வெச்சா பேப்பர்ல தீயத்தான் எழுதுவாங்க, பாதைய எழுதமாட்டாங்கன்னு நேத்தே சொன்னனே சாமி..."

இளைஞன் ஜாபெஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அந்தக் காலத்துல பஸ்ஸு எரிஞ்ச பொறவுதானுங்க அக்கா மேல இருக்கறவங்களுக்குக் காது கேட்டுது. சும்மா உக்காந்திருந்தா ஆரு திரும்பிப் பாப்பா?"

"பஸ்ஸுக்குள்ள இருந்தவங்கள ஆரு திரும்பிப் பாத்தா?"

ஜெயகுமாரி திருப்பிக் கேட்டாள்.

அங்கப்பன் ஜாபெஸிடம் வினவினார். "நீதான் எரிச்சியா?"

"ஆமாங்க. நானேதான்."

"ஜீப்பு எந்தப் பக்கம் பாத்து நின்னுது?"

"அது... கீழ பாத்துங்க."

"மேல பாத்து நிக்குது. பேரு வாங்கற ஆசையில ஜெயிலுக்குப் போயிராத தம்பி."

அவர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வளைவைக் கடந்து, ஜீப்பருகே குனிந்தார். பின்சக்கரத்தின் கீழ்ப்புறம் ஒரு கல்! வண்டி உருளாதபடி இறுக்கமாக முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. உருகிய டயர் அதன்மேல் வழிந்து உறைந்திருந்தது.

ஆகவே, தீக்கு முன்பே வைத்த கல்.

"ஏன் ஜெப்சன்... உசுருக்குப் பயந்து குதிச்சு ஓடுனவன், நின்னு நிதானமா கல்லு வெச்சுட்டா ஓடுன?"

ஜெப்சன் கல்லைப் பார்த்தான்.

"பழக்கமுங்க. மேட்டுல நிறுத்துனா கை தானா வெச்சுருதுங்க."

"எரிக்கச் சொன்னது ஆரு?"

"எஸ்டேட் மேனேஜருங்க. ஊரு மேல கேஸு விழுந்தா மறியல் ஓஞ்சுரும்னாரு..."

ஜாபெஸ் தலைகுனிந்தான். ஜெயகுமாரி அவன் தோளைத் தட்டினாள்.

"தீ வெச்சாத்தான் ஜெயிக்கலாம்னியே கண்ணு... மேனேஜரும் அதத்தான் நம்பியிருக்காரு. ஓடிப்போயி அவரையும் நம்ம ஊர்ச் சங்கத்துல சேத்துக்க."