நடுவில் நிற்காத இன்ஜின்

"மழை இறங்கறதுக்குள்ள ஏறி, வந்த வேலைய முடிச்சுட்டு இறங்கிடணும் பாப்பா. மேல மாட்டிக்கிட்டா தேடி வர்றதுக்கு ஆள் கிடையாது" என்றான் சடையாண்டி.

புளோரா கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடைக்குள் காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் சித்தப்பா மகன் இஞ்ஞாசி மூங்கில் கழிகளையும் கயிற்றுச் சுருளையும் சுமந்து வந்தான். ஓடையின் மறுகரையிலிருந்து போடி மலை செங்குத்தாக எழுந்து மேகத்துக்குள் போயிற்று. அந்த மேகத்துக்கு மேலே எங்கோ, கைவிடப்பட்ட மரவெட்டு முகாம் ஒன்றில், அவள் அப்பாவின் இன்ஜின் மூன்று வருடமாகக் கிடந்தது.

ஆரோக்கியநாதன் செய்த இன்ஜின் அது. மற்ற நீராவி இன்ஜின்களில் ஒரு தண்டு முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்ற வேண்டும். திசையை மாற்றுவதென்றால் இன்னும் பெரிய பாடு. அவருடையதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. வட்டமான இரும்புக் கூட்டுக்குள், ஒரு பக்கம் ஒதுங்கினாற்போல் ஒரு சக்கரம். சக்கரத்தின் வெட்டுகளில் வெளியே நீண்டு உள்ளே ஒடுங்கும் தகடுகள். ஆவி தகட்டைத் தள்ளும், சக்கரம் நேராகவே சுற்றும். இடது குழாய் வழியே ஆவியை விட்டால் ஒரு பக்கம், வலது குழாய் வழியே விட்டால் மறுபக்கம். மாற்றுவதற்கு ஒரே ஒரு கைப்பிடி.

காகிதத்தில் வரையும் பழக்கம் அவருக்கு இல்லை. பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வரைவார், வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். போன ஆண்டு அவர் மார்வலியில் இறந்தபோது, அந்த இன்ஜினின் அமைப்பு உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருந்தது. மலையில் கிடக்கும் அந்த இரும்புக்குள்.

தூத்துக்குடியில் படகு கட்டும் தல்மேதா அதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். துறைமுகத்துக்குள் சட்டென்று முன்னும் பின்னும் போகக்கூடிய விசைப்படகுக்கு இப்படி ஓர் இன்ஜின்தான் வேண்டுமாம். பொருளைக் கண்ணால் பார்த்தால் செய்யலாம் என்றார். அப்பாவின் பெயர் மண்ணோடு போகாமல் இருக்க இது ஒன்றுதான் வழி என்று புளோராவுக்குப் பட்டது.

ஆனால் வழி தெரிந்தவன் சடையாண்டி ஒருவன்தான். அதுதான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்த இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்திருந்தவன் அவன். மலை உச்சியிலிருந்து கருங்குழிப் பள்ளத்துக்குள் கம்பி வடத்தில் இரும்புக் கூண்டு இறங்கும், ஏறும். அன்று கூண்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பாதி வழியில் உள்ளிருந்த மரக்கட்டை சரிந்தது. அவர்கள் கத்தினார்கள். சடையாண்டி இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்குக் கைப்பிடியை மாற்றினான். கூண்டு நிற்கவில்லை. கல் விழுவதுபோல் விழுந்தது. இருவரும் இறந்துபோனார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆரோக்கியநாதன், "இன்ஜின்ல குறை இல்லை. பிடிச்சவன் பதறிட்டான்" என்று சொன்னார். அதற்குப் பிறகு சடையாண்டிக்கு எந்த இன்ஜினுக்குப் பக்கத்திலும் வேலை கிடைக்கவில்லை.

"நீங்க எதுக்குண்ணே வர்றீங்க?" என்று புறப்படும்போதே புளோரா கேட்டிருந்தாள்.

"நான் சரியாத்தான் திருப்புனேன். அது எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றான் அவன்.

ஏற்றம் கொடுமையாக இருந்தது. அட்டைகள் விரலிடுக்கில் ஏறின. பழைய பாதையை ஈற்றை மூங்கில் புதர் மூடியிருந்ததால் வெட்டி வெட்டிப் போக வேண்டியிருந்தது. ஓரிடத்தில் சடையாண்டி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். முன்னால் மரங்களுக்கிடையில் ஒடிந்த கிளைகளின் வாசனை. ஈரமான யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. "குட்டியோட நிக்குது. மூச்சு விடாதீங்க" என்று முணுமுணுத்தான். யானைக்கூட்டம் கிளை முறிக்கும் சத்தம் மெல்லத் தேய்ந்து மறையும்வரை மூவரும் ஒரு பாறையோடு ஒட்டிக் கிடந்தார்கள். இஞ்ஞாசிக்குப் பல் கிட்டியது. எழுந்ததும், "அக்கா, இதுக்கு தூத்துக்குடிலயே ஒரு புது இன்ஜின் வாங்கியிருக்கலாம்" என்றான். புளோரா முதல்முறையாகச் சிரித்தாள். சடையாண்டி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் முகாமை அடைந்தார்கள். தகரக் கூரை பாதி சரிந்திருந்தது. ஆனால் இன்ஜின் இருந்தது. எண்ணெய்ப் பிசின் மேலே படிந்து கறுத்து, மேடையில் உறுதியாக நின்றது. பக்கத்தில் பாய்லர். கம்பி வடம் உருளையில் சுற்றியபடி இருக்க, விபத்துக்குப் பிறகு மேலே இழுக்கப்பட்ட கூண்டு பள்ளத்தின் விளிம்பில் கொக்கியில் தொங்கியது. புளோரா இரும்பின்மேல் கையை வைத்தாள். அப்பாவின் தோளைத் தொட்டதுபோல் இருந்தது.

முழு இன்ஜினையும் தூக்க முடியாது. சக்கரம், தகடுகள், வால்வு ஆகியவற்றை மட்டும் கழற்றிக் கழியில் கட்டிச் சுமப்பது என்று முடிவாயிற்று. பள்ளத்தின் அடியில் ஓடையோரமாகப் பழைய வண்டித்தடம் ஒன்று உண்டு. அது இருந்தால் வந்த வழியில் திரும்ப வேண்டாம்.

"நீ இறங்கிப் பார்த்துட்டு வா. தடம் இருக்கான்னு மட்டும் பாரு" என்று புளோரா இஞ்ஞாசியை அனுப்பினாள்.

"வானம் சரியில்ல பாப்பா" என்றான் சடையாண்டி.

"இங்க மழை இல்லையேண்ணே."

"இங்க இல்ல. மேல பாரு."

மேற்கே மலைமுகடு கறுத்துக் கிடந்தது. ஆனால் இஞ்ஞாசி ஏற்கெனவே ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் இறங்கிவிட்டான்.

புளோரா முதலில் வால்வைக் கழற்றினாள். கூம்பு வடிவில் ஒரு பித்தளைக் கட்டை. அதில் ஆவி போக இரண்டு வாய்க்கால்கள். கட்டையைத் திருப்பும்போது வாய்க்கால்கள் ஒரு குழாயை விட்டு மறு குழாய்க்கு மாறும். அவள் அதைக் கூட்டுக்குள் திரும்பப் பொருத்தி, கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். இடது. வலது. பிறகு நடுவில் நிறுத்திக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

அவள் முகம் மாறியது. மறுபடி கழற்றினாள். வாய்க்கால்களின் விளிம்பை விரலால் தடவினாள்.

"என்ன?" என்றான் சடையாண்டி.

நடுவில் நிற்கும்போது இரண்டு குழாய்களும் அடைபட வேண்டும். உள்ளே இருக்கும் ஆவி எங்கும் போக முடியாமல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இந்தக் கட்டையில் வாய்க்கால்கள் அகலமாகிவிட்டதால், நடுவில் வரும்போது இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று திறந்துகொண்டன. அந்தக் கணத்தில் சக்கரத்தைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. வெறும் கூண்டு என்றால் தெரியாது. பாரம் இருந்தால் கைவிட்டதுபோல் விழும். விழுகிற வேகம் ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு ஆவி வந்தும் நிறுத்தாது.

வாய்க்காலின் ஓரத்தில் அரத்தின் தடம் இருந்தது. சாய்த்து, ஒரே போக்கில், ஓரத்தில் லேசாக மழுக்கி முடிக்கும் அரவேலை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். திசை மாறும்போது இன்ஜின் குலுங்குகிறது என்று, அது வெண்ணெய்போல் மாற வேண்டும் என்று, அப்பாவே அகலப்படுத்தியிருக்கிறார்.

"அண்ணே" என்றாள். வால்வை நீட்டி, நடந்ததை அவனுக்குக் காட்டினாள்.

சடையாண்டி அந்தப் பித்தளைக் கட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். "அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியலண்ணே."

அவன் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றான். தோள்கள் குலுங்கின. புளோரா பக்கத்தில் போகத் துணியவில்லை.

அப்போதுதான் மலை உறுமியது. இஞ்ஞாசி இறங்கிய பாதை இருந்த சரிவு மரங்களோடு வழுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்தது. தொடர்ந்து அடியிலிருந்து தண்ணீரின் இரைச்சல். இருவரும் விளிம்புக்கு ஓடினார்கள். செந்நிற வெள்ளம் ஓடையை நிறைத்து வந்துகொண்டிருந்தது. நடுவே ஒரு பெரிய பாறையின்மேல் இஞ்ஞாசி நின்றான். வெளியேற வழி இல்லை. கையை ஆட்டினான். குரல் கேட்கவில்லை.

நான்தான் அனுப்பினேன் என்ற நினைப்போடு புளோரா கயிற்றுச் சுருளை எடுக்க ஓடினாள்.

"நம்மகிட்ட இருக்கற கயிறு பாதிக்குக்கூட எட்டாது. கூண்டுதான்" என்றான் சடையாண்டி.

"இந்த வால்வோட முடியாதுண்ணே. ஆள் ஏறுனதும் திசை மாத்தணும்."

"அப்ப அதைச் சரி பண்ணு. நான் பாய்லரப் பாக்கறேன்."

அவன் ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து பாய்லரில் ஊற்றினான். கூரையின் உலர்ந்த சட்டங்களைப் பிளந்து அடுப்பில் திணித்தான். புளோரா பையிலிருந்த செம்புச் சொம்பை நசுக்கித் தட்டையாக்கி, துண்டு வெட்டி, வாய்க்கால்களின் ஓரத்தில் வைத்து, கைத்துரப்பணத்தால் துளையிட்டு ஆணி அறைந்தாள். அப்பா அகலமாக்கியதை அவள் குறுக்கினாள். அராவினாள், பொருத்தினாள், சிக்கியது. கழற்றி மறுபடி அராவினாள். விரலில் ரத்தம் வழிந்தது. இடையிடையே விளிம்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பாறை ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தது.

பாய்லரின் தகட்டு இணைப்புகளில் தண்ணீர் கசிந்து சீறியது. "இதுக்குமேல எரிச்சா வெடிச்சிரும்" என்றான் சடையாண்டி.

"போதும்ணே. இதுலயே இழுக்கணும்."

வால்வு உள்ளே போயிற்று. நடுவில் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு குழாய்களும் மூடிக்கொண்டன. ஆனால் சுத்தியல் அடியில் ஒட்டிய செம்பு, ஆவியின் சூட்டையும் பாரத்தையும் தாங்குமா என்று யார் சொல்வது?

கைப்பிடியைப் பிடிக்க அவளே போனாள். சடையாண்டி குறுக்கே வந்தான்.

"நீ விளிம்புல நின்னு பாத்துச் சொல்லணும். இங்கேருந்து கூண்டு தெரியாது."

அவள் திரும்பி வால்வைப் பார்த்தாள். அதை அவன் கவனித்தான்.

"அன்னிக்கும் உங்கப்பா எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாரு" என்றான்.

"நான் அப்படிச் சொல்லலண்ணே. தாங்குமான்னு எனக்கே தெரியல. ஆனா நீங்க திருப்புறது சரியா இருக்கும். அது எனக்குத் தெரியும்."

சடையாண்டி கைப்பிடியில் கை வைத்தான்.

இன்ஜின் இருமியது, உறுமியது, சுற்றத் தொடங்கியது. அதற்குள் பிடித்துக்கொண்டிருந்த மழைக்குள் கூண்டு இறங்கியது. புளோரா விளிம்பில் குப்புறப் படுத்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இறக்கு. இறக்கு. மெதுவா. கூண்டு வெள்ளத்துக்கு மேலே ஆடியது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற இஞ்ஞாசி எட்டிப் பிடித்து, ஒருமுறை வழுக்கி, மறுபடி தாவி உள்ளே விழுந்தான். அதே நேரம் மேலிருந்து வேரோடு ஒரு மரம் புரண்டு வந்தது.

"மாத்துங்கண்ணே!"

சடையாண்டி கைப்பிடியைத் திருப்பினான். நடுவில் வந்தது. கூண்டு சட்டென்று ஒரு முழம் இறங்கியது. ஆனால் கூண்டு அதற்குமேல் இறங்கவில்லை. உள்ளே அடைபட்ட ஆவியின்மேல் தொங்கியபடி நின்றது. கைப்பிடி மறுபக்கம் போனதும் வடம் விறைத்தது. கூண்டு ஏறியது. மரம் பாறையில் மோதி அதற்குக் கீழாகப் பாய்ந்து போனது.

இஞ்ஞாசியை வெளியே இழுத்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. "அக்கா, வண்டித்தடம் இல்ல" என்றான். புளோரா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சடையாண்டி கைப்பிடியை விடவில்லை. இருவரும் போய் அவன் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மழை விட்டதும் சக்கரத்தையும் தகடுகளையும் வால்வையும் கழியில் கட்டிச் சுமந்து, வந்த வழியிலேயே இறங்கினார்கள். பின்னாளில் தூத்துக்குடியில் அந்த அமைப்போடு படகு ஓடியது. எவ்வளவு வேகமாகத் திசை மாறும் என்று தல்மேதா கேட்டதற்குப் புளோரா, "அது அப்புறம். முதல்ல நடுவுல நிக்குதான்னு பாருங்க" என்றாளாம். அது நன்றாகவே நின்றது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, மலையிறங்கிய அன்றே, அவள் ஒரு வீட்டுக்குப் போனாள். கூண்டில் இறந்தவர்களில் ஒருவனான பெரியகருப்பனின் மனைவி இருளாயி, வாசலில் முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சடையாண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டான். அவன் நிழல்கூடத் தன் வாசலில் விழக்கூடாது என்று சொல்லியிருந்தவள் அவள்.

புளோரா வால்வைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். இருளாயிக்குப் பாதி புரியவில்லை.

"அப்ப யார் தப்பும்மா அது?" என்று கேட்டாள்.

"எங்கப்பா தப்புங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வசவோ அடியோ எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். இருளாயி முறத்தைக் கீழே வைத்தாள். தெருமுனையில் நின்ற சடையாண்டியைப் பார்த்தாள்.

"எத்தனை நேரம் வெயில்ல நிப்ப? உள்ள வாய்யா" என்றாள்.