சிவப்புப் புள்ளி கீழே

பிளக்கில் இருந்த சிவப்புப் புள்ளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரீஷியன் எட்மண்ட் அந்த ஹாலின் வாசலிலேயே நின்றான். நேற்று மாலை அதை மேலே பார்க்கும்படி செருகிவிட்டுப் போனவன் அவன்தான். அவன் கண் முன்னால்தான் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் தோத்தாத்ரி கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்று பெரிய வெள்ளி. மன்றத்துக்கு விடுமுறை. இடையில் ஒருவரும் உள்ளே வந்திருக்க முடியாது.

"இன்னாண்ணா, உள்ள போவாம நிக்கிறே?" கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் சுந்தர்சிங் பின்னாலிருந்து கேட்டான்.

"ராத்திரி சாவி உங்கிட்டயா இருந்தது?"

"எங்கிட்ட எங்க குடுக்கறாங்க? நான் கேஸ் போட்டதுலேர்ந்து சாவி அவரு வூட்லதான் தூங்குது. இப்பதான் ஆள் கொணாந்து குடுத்துட்டுப் போறான்." சுந்தர்சிங் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். "நீ கோயிலுக்குப் போவல?"

"வேலை இருக்கு."

"எனக்கும் டூட்டி. நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் ஆண்டவர்கிட்ட மூஞ்சி காட்ட வேணாம்."

எட்மண்ட் தரையைப் பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் குடும்பத்துக்கு முன் பெஞ்சில்தான் சுந்தர்சிங் உட்கார்வான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் இரண்டு வருஷமாகக் காலியாக இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் இன்று உட்கார முடியாது என்றுதான் மனைவி யூனிஸைத் தனியாக அனுப்பிவிட்டு, தாம்பரம் வெயிலில் சைக்கிளை மிதித்து இங்கே வந்தான்.

"தரையைத் துடைச்சியா?" என்று கேட்டான்.

"நானா? அவ போனதுலேர்ந்து அந்த மெஷின் கிட்ட நான் போறதேயில்ல. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"ஆமா, கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பிளக்குல செவப்பா ஒரு பொட்டு கீதே, அது இன்னாண்ணா?"

எட்மண்டின் கை பையின் வாரை இறுக்கியது. "கம்பெனி மார்க்."

"கம்பெனிக்காரன் பிரஷ்ஷு புடிச்சா வெச்சான்? கையில வெச்சா மாரி கீது." சுந்தர்சிங் சிரித்தான். கண் சிரிக்கவில்லை. "அவ பொட்டே வெக்காதவ. மெஷினு வெச்சிகினுகீது. திங்கக்கெழம லேபர் இன்ஸ்பெக்டர் வராரு. அவராண்ட காட்டிக் கேக்கறேன். நமக்கு இன்னா தெரியும்." செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளி கேட் பக்கம் போய்விட்டான்.

கேட் வெகுதூரம். எட்மண்ட் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

அது துப்பாக்கி மெஷின். எழுபத்திரண்டில் ஹார்பர் ஏலத்தில் எடுத்து வந்தார்கள். ஆள் உயர மரப்பெட்டி. முன்னால் இரும்புச் சட்டமும் கண்ணாடியும். உள்ளே வண்ணம் தீட்டிய காடு, அதன் குறுக்கே போய்வரும் தகரப் புலி. காசு போட்டால் புலியின் கண்களில் பல்பு எரியும். வெளியே சங்கிலியில் கட்டிய துப்பாக்கியால் சுட்டால் புலி நின்று, திரும்பி, உறுமும். செம்பாக்கம், பொழிச்சலூரிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து சுட்டார்கள். வெளிநாட்டு மெஷின், நம் ஊர் கரண்டில் பாதி வோல்டேஜுக்குச் செய்தது. அதனால் இடையில் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. வந்த வாரமே, துப்பாக்கியைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஷாக் அடித்தது. எட்மண்டைக் கூப்பிட்டார்கள்.

முறையாகச் செய்வதென்றால் டிரான்ஸ்பார்மரை மாற்றி, சுவர் வழியே எர்த் கம்பி இழுத்து, மூன்று பின் பிளக் வைத்திருக்க வேண்டும். அவன் செய்தது ஒன்றே ஒன்று. இரண்டு பின் பிளக்கைப் பிடுங்கித் தலைகீழாகச் செருகினான். ஷாக் நின்றுவிட்டது. ஒரு பக்கமாகச் செருகினால் இரும்புக்குக் கரண்ட் வராது. மறுபக்கமாகச் செருகினால் இரும்பு முழுதும் கரண்ட். எது சரியான பக்கம் என்று தனக்கு நினைவிருக்க, சைக்கிள் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தான். புள்ளி மேலே இருந்தால் சரி. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்படியென்றால் நீ என்னதான் ரிப்பேர் பண்ணினாய் என்று கேட்பார்கள்.

ரத்தினபாயிடமும் சொல்லவில்லை. சுந்தர்சிங்கின் மனைவி. மன்றத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். ஒயர் தண்ணீரில் படக்கூடாதே என்று கவனமாகப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பாள். துடைத்ததும் திரும்பச் செருகுவாள், கைக்கு வந்தபடி. அப்படிச் செருகிவிட்டு ஒரு நாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரத் துணியால் இரும்புச் சட்டத்தைத் துடைத்தாள்.

'மெஷினைச் சோதித்தேன். மின்கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் எட்மண்ட். புள்ளியை மேலே திருப்பிவிட்டுத்தான் சோதித்தான். அவள் இறந்தது இதய பலவீனத்தால் என்று முடித்தார்கள்; அதை எதிர்த்துத்தான் சுந்தர்சிங் கேஸ் போட்டான்.

"ரெண்டு வருஷமா மூணு பின்னுதான் இருக்குன்னு இருக்கணும், எட்மண்ட்," என்று நேற்று தோத்தாத்ரி சொன்னார். சொல்லும்போது வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சற்று முன்புதான் மெஷின் அவரையே உதறித் தள்ளியிருந்தது; எட்மண்ட் பிளக்கைத் திருப்பிச் செருகியதை அவர் பார்த்துவிட்டார். "அந்தப் பழைய பிளக்கு இங்க இருக்கவே படாது. புரியறதோல்லியோ? மன்றத்து வேலை, குவார்ட்டர்ஸ் வேலை எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு."

புரிந்தது.

வாசல் பக்கத்துப் பலகையில் மெயினை அணைத்தான். உள்ளே வந்ததும் அவன் போட்டிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அணைத்தது போதாது என்பது அவன் தொழில் வழக்கம். யாராவது தெரியாமல் போட்டுவிடலாம். ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பீங்கான் கட்டை நெஞ்சில் குளிர்ந்து கனத்தது. அது பையில் இருக்கும் வரை இந்தக் கட்டடத்துக்குள் ஒரு பொட்டுக் கரண்டும் வர முடியாது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உயரத்து வென்டிலேட்டர் வழியாக மட்டும் வெளிச்சம் விழுந்தது. அந்த அரையிருட்டில் கேரம் பவுடரின் வாசனையும், பூட்டிக் கிடந்த மரத்தின் வாசனையும், அவற்றுக்கு அடியில் மெல்லியதாக, இப்போதுதான் யாரோ வாளியில் ஊற்றிக் கலக்கியது போலப் பினாயில் வாசனையும் இருந்தன. மெஷினுக்கு முன்னால் தரை ஈரம். கொட்டிய ஈரம் இல்லை. விசிறி விசிறியாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து துணியை அரைவட்டமாக இழுத்துப் பின்னால் நகரும் கை விட்டுப்போகிற ஈரம்.

காய்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயில். காயவில்லை.

கேரம் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மாம்பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான். செருப்பு வெளியே கிடந்தது. ஹாலுக்குள் செருப்புக்கு அனுமதியில்லை. பலகை காய்ந்த பலகை. காய்ந்த பலகைமேல் நிற்கிறவனைக் கரண்ட் ஒன்றும் செய்யாது. இருபது வருஷமாக அவனைக் காப்பாற்றி வருவது அந்த நம்பிக்கைதான்.

தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனிப் பிரசங்கம், இடையிடையே பாட்டு. மூன்றாவது முடிந்து பாட்டு தொடங்கியிருந்தது. யூனிஸின் குரலும் அதில் எங்கோ இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கினான். உள்ளங்கையில் அது ஈரமாக இருந்தது.

இப்படியே செருகி வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. திங்கட்கிழமை சுந்தர்சிங் காட்டுவான். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை செருகிப் பார்ப்பார். தெரிந்துவிடும். கேஸ் ஜெயிக்கும். எட்மண்டின் லைசென்ஸ் போகும், வேலை போகும், ஒருவேளை போலீஸும் வரும். ஞாயிற்றுக்கிழமை சபை முழுதும் திரும்பிப் பார்க்கும். அவள் இதனால் எழுந்து வரப் போகிறாளா என்ன?

கட்டிங் பிளையரை எடுத்தான். ஒயரை நறுக்கினான்.

ஒரு சாண் வாலோடு பிளக் கையில் வந்தது. கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே ஸ்பானர்களை அடுக்கி, ஜிப்பை இழுத்தான். செம்பாக்கம் ஏரியில் எறிந்துவிட்டுப் போனால் முடிந்தது.

பின்னால், ஹாலின் மறுகோடியில், தகர வாளியின் கைப்பிடி சாய்ந்து வாளியில் மோதியது.

டங்.

திரும்பினான். கேரம் மேஜைகள். நாற்காலிகள். வேறொன்றும் இல்லை. பூனையாக இருக்கும். வென்டிலேட்டர் வழியாகப் பூனை வரும்.

வேகமாக வேலை செய்தான். மூன்று பின் பிளக்கைப் பூட்டினான். சுவரில் புதுப் பாயின்ட்டை முடுக்கி, பழைய இரண்டு துளைப் பாயின்ட்டைக் கழற்றப் போனபோது துணி பிழியும் சத்தம் கேட்டது. நீர் வாளியில் சொட்டும் சத்தம். முதலில் நிறைய. பிறகு கொஞ்சம். பிறகு சொட்டுச் சொட்டாக. பிறகு ஈரத் துணி தரையில் படும் சத்தம், இழுபடும் சத்தம், ஒரு சின்ன நகர்வு, மறுபடி இழுபடும் சத்தம்.

"சுந்தர்சிங்," என்று கூப்பிட்டான். குரல் அவனுக்கே எட்டவில்லை.

நான்காவது வார்த்தையா, ஐந்தாவதா? எண்ணிக்கை தப்பிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. பழைய பாயின்ட் அப்படியே இருக்கட்டும். எர்த் கம்பியை மட்டும் மெஷினின் இரும்புச் சட்டத்தில் முறுக்கிவிட்டால் போதும். ஒரே ஒரு திருகு. போய்விடலாம்.

வழக்கப்படி முதலில் புறங்கையால் சட்டத்தைத் தொட்டான். ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். ப்யூஸ் கட்டை இருந்தது. இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான்.

புலியின் கண்கள் எரிந்தன.

கண்ணாடிக்குப் பின்னால், மங்கலாக, மஞ்சளாக. புலி நகர்ந்தது. காட்டின் நடுவில் வந்து நின்றது. அவன் பக்கம் திரும்பியது. யாரும் சுடவில்லை.

இடது கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்கள் சட்டத்தைச் சுற்றி மூடியிருந்தன. யாரோ தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்துவது போல, ஒவ்வொன்றாக, இன்னும் இறுகின. முழங்கை வரை எறும்பு ஊர்ந்தது. அவ்வளவுதான். எறும்புதான். பலகை காய்ந்த பலகை. பலகை காய்ந்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது.

ஸ்க்ரூ டிரைவர் விழுந்து உருண்டது. சுவரைப் பார்த்தான்.

பழைய பாயின்ட்டில் பழைய பிளக் செருகியிருந்தது. அறுந்த ஒரு சாண் வால் காற்றில் தொங்கியது. ஆடியது.

சிவப்புப் புள்ளி கீழே.

பையின் ஜிப் போட்டபடியே இருந்தது.

இழுபடும் சத்தம் நின்றது. நகர்ந்தது. இழுபட்டது. பக்கத்தில். கேரம் மேஜையின் காலைச் சுற்றிக்கொண்டு ஈரத்தின் முதல் அரைவட்டம் வெளியே வந்தது. பிறகு அதற்கு இப்பால் ஒன்று. துடைக்கும் கை இல்லை. துணி இல்லை. ஈரம் மட்டும், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, இடம் விடாமல், அவசரமில்லாமல். அவள் வேலையில் ஒரு மூலை விட்டுப்போகாது. எல்லாரும் சொல்வார்கள்.

"சொல்லிடறேன்," என்றான் எட்மண்ட். "திங்கக்கிழமை நானே சொல்லிடறேன். கையெழுத்துப் போட்டது நான்தான்னு சொல்றேன். ரத்தினபாய். கேக்குதா? நானே..."

நெஞ்சு சுட்டது. குனிந்து பார்த்தான். சட்டைப் பைக்குள் ப்யூஸ் கட்டை துணியைத் தாண்டிச் சிவந்து எரிந்தது. பையின் ஓரம் கருகிப் புகைந்தது. தட்டிவிட வலது கையைத் தூக்கப் பார்த்தான். அதுவும் வரவில்லை. அது எப்போது சட்டத்தைப் பிடித்தது?

கோயில் பாட்டு நின்றிருந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கேட் பக்கமிருந்து பீடி வாசனை வந்தது, வெகுதூரத்திலிருந்து. பிறகு அதையும் பினாயில் மூடியது.

ஈரம் பலகையின் ஓரத்தைத் தொட்டது. அங்கே நின்றது.

துணி பிழியும் சத்தம். இரண்டு சொட்டு.

பலகையின் விளிம்பில் ஓர் இருண்ட ரேகை ஏறியது. மரம் அதைக் குடித்தது. அவன் கால் பெருவிரலுக்கும் அதற்கும் இடையே இரண்டு அங்குலம். ஓர் அங்குலம். அங்கே அது மறுபடி நின்றது. கால் வைத்திருப்பவருக்கு மரியாதை கொடுத்து, காத்திருந்தது.

முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, குந்தி உட்கார்ந்திருப்பவளின் குரல், எப்போதும் போல, கொஞ்சம் களைப்பாக, கோபம் துளியும் இல்லாமல் வந்தது.

"கொஞ்சம் காலத் தூக்குண்ணா. தொடச்சிக்கிறேன்."