ஒரே பெஞ்சில் இரண்டு விடைத்தாள்

குமாஸ்தாவின் வீட்டு வாசலில் டீச்சர் குடையை மடக்கியபோது, உள்ளே குமாஸ்தாவின் மைத்துனர் யாரோ ஒரு தையல்காரரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சட்டைத்துணி குடுத்து பத்து நாளாச்சு அத்தான். கேட்டா மழைங்கிறான். இன்னும் கத்திரியே வைக்கலையாம்! நாலு சுவருக்குள்ள உக்காந்து வெட்டுறவனை மழை என்ன செய்யும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் பொய்யைப் படியெடுத்தவர் குமாஸ்தா. ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்துச் சிக்கல்களை அவிழ்த்து வந்தார். துப்பு என்றால் மைத்துனருக்குக் கற்கண்டு. தன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

டீச்சர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். பழுத்துப்போன தாள்கள். சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி துருவேறியிருந்தது.

"முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி ஒருத்தியை வகுப்பை விட்டே அனுப்பினேன் சார். சனிக்கிழமை இந்த ஊரைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போறேன். அலமாரியை ஒழிக்கும்போது இது கையில மாட்டிச்சு. நான் செஞ்சது சரிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாப் போவேன்."

சொல்லத் தொடங்கியதும் டீச்சரின் குரல் இளகிவிட்டது. அச்சகத்து மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு. கீழே இயந்திரம் ஓடினால் மேலே பெஞ்சுகள் அதிரும். வேலை முடிந்து நேராக வருவார்கள்; ஒருவர் சட்டையில் மரத்தூள், இன்னொருவர் விரலில் மை. பகலெல்லாம் யாரிடமோ திட்டு வாங்கியவர்கள், சாயங்காலம் பிள்ளைகளைப்போல முந்திக்கொண்டு கை தூக்குவார்கள். அந்த நாட்களைப்போல அப்புறம் ஒரு நாளும் வாய்க்கவில்லை என்றார் டீச்சர்.

"அன்னிக்குப் பாடம் 'புட் ஆஃப்'. தள்ளிப்போடறது. விட்டுடறது இல்லை, நாள் மாத்தறது. ஏன் தள்ளிப்போட்டீங்க, எதுவரைக்கும்னு ரெண்டும் எழுதணும். எல்லாம் சொந்த வாழ்க்கையில நடந்ததா இருக்கணும். புத்தக வாக்கியம் எழுதினா சுழிதான். என் வகுப்புச் சட்டம் அது."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரின் தாளில் அதே ஐந்து வாக்கியங்கள், எழுத்துக்கு எழுத்து. ஒருவர் பஸ் கண்டக்டர், வகுப்பிலேயே கெட்டிக்காரர். மற்றவள் தையல்காரி. நாலு வரி வாசிக்கத் திக்குவாள். டீச்சர் தையல்காரியின் பெயரை அடித்துவிட்டார்.

"ஒரு ஏற்றுமதி நிறுவனத்துல அவளுக்கு வேலை காத்திருந்துச்சு. என் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி. 'நான்தான் எழுதினேன் டீச்சர்'னு ஒரே ஒரு தடவை சொன்னா. நான் நம்பலை. இன்னிக்கும் மூணாவது தெருவுல அதே மிஷின்தான் மிதிக்கிறா. நான் அந்தத் தெருப்பக்கம் போறதே இல்லை."

"கண்டக்டர்?" என்றார் குமாஸ்தா.

"தான்தான் எழுதினதா அன்னிக்குச் சொன்னார். போன வருஷம் காலமாயிட்டார்."

குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பல்வலி குறைந்ததால் வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டது, விருந்தாளி வந்ததால் வீடு கழுவுவதைத் தள்ளிப்போட்டது, இப்படி மூன்று யார் வீட்டிலும் நடக்கக்கூடியவை. மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் உரக்கச் சொன்னார்.

"'பஸ்ஸைத் தவறவிட்டதால், அம்மாவைப் பார்க்கப் போவதை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டேன்.' 'மூன்று நாள் மழை பெய்ததால், புதுத்துணி வெட்டுவதை வெயில் வரும்வரை தள்ளிப்போட்டேன்.'"

மைத்துனர் தொடையில் தட்டினார். "பஸ்! கண்டக்டர் வாயில வேற என்ன வரும்? கேஸ் முடிஞ்சுது அத்தான்!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் டீச்சர் அவசரமாக. "துணின்னு வருதேன்னு பார்த்தேன். ஆனா மழைக்கும் துணி வெட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? தொழில் தெரிஞ்சவ இப்படி அபத்தமா எழுத மாட்டா. தையல் தெரியாத ஆம்பளை எழுதினதாத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணினேன்."

குமாஸ்தா தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், பஸ்ஸைத் தவறவிடுறது யாரு? பயணி. கண்டக்டர் லேட்டா வந்தா பஸ்தான் காத்து நிக்கும். விசில் அவர் வாயிலதானே இருக்கு!"

"லீவு நாள்ல அவரும் பயணிதானே?" என்றார் மைத்துனர், விட்டுக்கொடுக்காமல்.

"நல்ல கேள்வி. அதனால அது பாதி சாட்சி. மீதிப் பாதி உன் சட்டைத்துணியில இருக்கு."

மைத்துனர் விழித்தார்.

"புதுப் பருத்தித்துணியை அப்படியே வெட்டித் தைச்சா, முதல் சலவையிலயே சுருங்கிடும். அதனால நல்ல தையல்காரங்க முதல்ல தண்ணியில ஊறவெச்சு, காயவெச்சு, அப்புறம்தான் கத்திரி வைப்பாங்க. மூணு நாள் மழைன்னா துணி எங்க காயும்? உன் தையல்காரர் பத்து நாளா சொல்றது அதைத்தான். இது அபத்தம் இல்லை டீச்சர், தொழில். சும்மா இட்டுக்கட்டி எழுதுற கண்டக்டருக்கு மழையும் கத்திரியும் ஒரே வரியில தோணியிருக்காது. அஞ்சும் அவ எழுதினது. அவர் பக்கத்துல பார்த்து எழுதினார். சரின்னு சொல்லச் சொன்னீங்க. சொல்ல முடியலை, மன்னிக்கணும்."

டீச்சர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடமாக அந்த மாடி வகுப்பை நினைத்து நினைத்து மகிழ்ந்தவர் அவர். அந்த மகிழ்ச்சியின் விலையை வேறொருத்தி கொடுத்திருக்கிறாள்.

"சொந்த வாழ்க்கையை எழுதுன்னு நான்தான் சொன்னேன். எழுதினா. எனக்குத்தான் படிக்கத் தெரியலை," என்று எழுந்தார்.

மைத்துனரும் செருப்பைத் தேடினார். குமாஸ்தா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இனிமே அங்க நமக்கு வேலை இல்லைடா."

மூன்றாவது தெருவில் கடை திறந்திருந்தது. நரைத்த தலையைக் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றாள். டீச்சர் இரண்டு தாள்களையும் தையல் மிஷின்மேல் வைத்தார்.

"நீ எழுதினதுதாம்மா. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிடு."

அவள் தன் பழைய கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேலை போச்சேன்னு நான் அழலை டீச்சர். அது போனா இன்னொண்ணு. ரெண்டு வருஷம் தினமும் உங்க எதிர்ல உக்காந்திருந்தேனே, இவ திருடமாட்டாள்னு உங்களுக்குத் தோணலையேன்னுதான் அழுதேன்."

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். தையல்காரி கடைக் கதவைப் பாதி சாத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.